ஹைட்ரஜனைச் சேமிக்கும் வழிகளும் அவற்றின் நீடித்த தன்மையும்: வேலூர் வட்டாரத்துக் கேள்விகள், பதில்கள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருக்கிறது. இந்த நான்கு மாவட்டங்களிலும் பட்டறை வைத்திருப்பவர்கள், பொறியியல் மாணவர்கள், பாலாற்றங்கரை விவசாயிகள் எனப் பலரிடம் பசுமை ஹைட்ரஜனைப் பற்றி, அதாவது சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் தயாரிக்கும் ஹைட்ரஜனைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. ஹைட்ரஜனை எப்படித் தயாரிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தயாரித்ததை எதில், எங்கே, எவ்வளவு நாள் வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு ஹைட்ரஜன் திட்டம் உண்மையிலேயே பசுமையானதா என்பது பெரும்பாலும் சேமிப்பில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே சேமிப்பைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். மின்சாரத்தின் அளவை மின்கட்டண அட்டையில் வருவது போல யூனிட்டிலேயே சொல்கிறேன். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.

கேள்வி: ஒரு சேமிப்பு முறை நீடித்த தன்மை உடையது என்று எதை வைத்துச் சொல்வது?

நான்கு கணக்குகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜனை உள்ளே வைக்கவும் வெளியே எடுக்கவும் செலவாகும் ஆற்றல் ஒன்று. கலனைச் செய்ய எந்தப் பொருள், எவ்வளவு, எங்கிருந்து தோண்டப்பட்டு வருகிறது என்பது இன்னொன்று. வைத்திருக்கும் காலத்தில் எவ்வளவு கசிந்து போகிறது என்பது மூன்றாவது. கலனின் ஆயுள் முடிந்தபின் அது எங்கே போய்ச் சேர்கிறது என்பது நான்காவது. இவை நான்கையும் ஒரே கோலால் அளக்க உதவுவது, அந்தக் கலன் ஆண்டுக்கு எத்தனை முறை நிரம்பிக் காலியாகிறது என்ற எண்ணிக்கை. விற்பனையாளர்களின் விளக்கத் தாள்களில் முதல் கணக்கு மட்டும் இருக்கும். மற்றவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்படி முழுக் கணக்குப் பார்க்க வேண்டியதன் காரணத்தை வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தோல் தொழில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலையும் அந்நியச் செலாவணியும் தந்தது. அதே தொழிலின் உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையில் இறங்கிய செலவு எந்த ஆலையின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது நம் ஊர் வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. புதிய எரிபொருள் ஒன்று நம் பகுதிக்கு வரும்போது அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஹைட்ரஜனைச் சேமிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனைப் போல ஆற்றல் நிறைந்த எரிபொருள் வேறு இல்லை. ஒரு கிலோவில் 33 யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட்தான். ஆனால் அது மிக மிக லேசான வாயு. அழுத்தம் எதுவும் கொடுக்காமல் வேலூரின் வெயிலில் ஒரு கிலோ ஹைட்ரஜனை வைக்க வேண்டுமானால் 12 கனமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். அதாவது, பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏறக்குறையப் பாதி. எனவே ஹைட்ரஜனைச் சேமிக்கும் முறைகள் எல்லாம், அந்த அரை அறையைக் கையாளக்கூடிய அளவுக்குச் சுருக்கும் முறைகளே. அழுத்தியோ, குளிர்வித்தோ, உலோகத்துக்குள் புகுத்தியோ, வேறொரு வேதிப்பொருளாக மாற்றியோ சுருக்கலாம். எந்த வழியில் சுருக்கினாலும் அதற்கு ஒரு விலை உண்டு.

கேள்வி: ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டைக்கு ஹைட்ரஜன் சிலிண்டரில் வந்து இறங்குகிறதே, அதையே தொடர்ந்தால் போதாதா?

சில பயன்பாடுகளுக்குப் போதும். ஆனால் அந்தச் சிலிண்டரின் எடையைக் கவனியுங்கள். வழக்கமான எஃகுச் சிலிண்டரில் சுமார் 150 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 7 கனமீட்டர் ஹைட்ரஜன் இருக்கும். அதன் எடை 600 கிராம் அளவுதான். சிலிண்டரோ ஏறத்தாழ 60 கிலோ. நூறு பங்கு எஃகு ஒரு பங்கு ஹைட்ரஜனைச் சுமக்கிறது. சென்னைப் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலை வழியே அந்த லாரி வரும்போது, டீசலில் பெரும்பங்கு எஃகை இழுப்பதற்கும், திரும்பும்போது வெற்று எஃகை இழுப்பதற்கும் எரிகிறது.

இனி எஃகின் கணக்கு. ஒரு கிலோ எஃகு செய்ய ஏறத்தாழ 2 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் பிறக்கும்போதே 120 கிலோ கரியமில வாயுக் கடனோடு பிறக்கிறது. வாரம் ஒரு முறை நிரப்பி 20 ஆண்டு பயன்படுத்தினால் அது 600 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜனைச் சுமந்திருக்கும். கிலோவுக்கு விழும் கடன் 200 கிராமுக்குள் அடங்கிவிடும். அதே சிலிண்டரை மழைக்காலத்துக்கென நிரப்பி வைத்து ஆண்டுக்கு இரண்டே முறை பயன்படுத்தினால் 20 ஆண்டில் 24 கிலோதான் சுமக்கும். கடன் கிலோவுக்கு 5 கிலோவாக ஏறிவிடும். கலன் ஒன்றுதான், எஃகும் ஒன்றுதான்; பயன்பாட்டு எண்ணிக்கை மாறியதால் மட்டும் விடை 25 மடங்குக்கு மேல் மாறுகிறது. 'எந்த முறை சிறந்தது?' என்று பொதுவாகக் கேட்பவர்களிடம் நான் உடனே பதில் சொல்லாமல், 'ஆண்டுக்கு எத்தனை முறை நிரப்புவீர்கள்?' என்று திருப்பிக் கேட்பது இதனால்தான்.

கேள்வி: அழுத்துவதற்கு ஆகும் மின்சாரம் பெரிய செலவா?

ஆற்றல் கணக்கில் அது தாங்கக்கூடிய செலவு. கரியமில வாயுக் கணக்கில் அது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மின்னாற்பகுப்புக் கருவியிலிருந்து, அதாவது மின்சாரத்தால் நீரைப் பிளந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் கருவியிலிருந்து வரும் ஹைட்ரஜனை 350 பார் வரை அழுத்த, கிலோவுக்குச் சுமார் 3 யூனிட் ஆகும் என்று கொள்ளலாம். ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 700 பாருக்குப் போனால் செலவு இன்னும் கூடும். வண்டிகளில் வேகமாக நிரப்பும்போது வாயு சூடாவதைத் தடுக்க முன்கூட்டியே குளிர்விக்க வேண்டியிருப்பதும் அதோடு சேரும்.

ஆனால் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது, ஏனென்றால் நம் மின்சாரத்தின் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. 3 யூனிட் என்றால் 2 கிலோவுக்கு மேல். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வகுத்த தரத்தின்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளிப்படாமல் இருந்தால்தான் அது பசுமை ஹைட்ரஜன். தயாரிப்பிடத்தில் செய்யும் சுத்திகரிப்பு, உலர்த்தல், அழுத்துதல் ஆகியவையும் அந்த வரம்புக்குள் அடங்கும். அதாவது, மின்னாற்பகுப்பு முழுவதையும் சூரிய மின்சாரத்தில் செய்துவிட்டு, அழுத்தும் கம்ப்ரசரை மட்டும் மின்வாரிய இணைப்பில் ஓட்டினாலே பசுமை என்ற பெயர் போய்விடும். கம்ப்ரசரும் அதே சூரியத் தகடுகளில் பகலில் ஓட வேண்டும். சிறிய விஷயம் போலத் தோன்றும். திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் தவறவிடப்படுவது இதுதான்.

கேள்வி: கார்பன் இழைத் தொட்டிகள் எஃகைவிட லேசானவை என்கிறார்களே, அவை பசுமையானவை அல்லவா?

வண்டியில் சுமந்து போவதற்கு அவை ஏற்றவை. டொயோட்டா மிராய் காரின் தொட்டிகளில் 700 பாரில் 5.6 கிலோ ஹைட்ரஜன் அடங்குகிறது. அந்தத் தொட்டியமைப்பின் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஹைட்ரஜன். எஃகுச் சிலிண்டரின் நூற்றில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

கார்பன் இழையைச் செய்வதோ ஆற்றலை விழுங்கும் வேலை. பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழையை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கரியாக்க வேண்டும்; ஒரு கிலோவுக்கு வெளிப்படும் கரியமில வாயு, எஃகுக்கு ஆவதைப் போலப் பத்து மடங்கு அளவில் இருக்கும். நாள்தோறும் ஓடும் பேருந்திலோ, வாரத்துக்குப் பலமுறை பெங்களூரு சென்று வரும் லாரியிலோ இந்தக் கடன் விரைவில் அடைந்துவிடும். ஓரிடத்தில் நிற்கும் சேமிப்பகத்துக்குக் கார்பன் இழைத் தொட்டியை வாங்குவது, என் கணிப்பில், தேவையற்ற செலவும் தேவையற்ற சுமையும். காட்பாடியில் ஒரு கொட்டகையின் மூலையில் நிற்கப்போகும் தொட்டி லேசாக இருந்து யாருக்கு என்ன பயன்? அங்கே குறைந்த அழுத்தமும் அதிக எஃகும் போதும். எஃகை உருக்கி மறுபடி எஃகாக்கலாம்.

கேள்வி: ஏவூர்திக்குத் திரவ ஹைட்ரஜன்தானே பயன்படுகிறது? நாமும் திரவமாக்கி வைத்தால் என்ன?

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் திரவ ஹைட்ரஜனைக் கையாள்கிறது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஐ ஏற்றிச் சென்ற ஏவூர்தியின் மேல்கட்டம் திரவ ஹைட்ரஜனில்தான் இயங்கியது. ஏவூர்திக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு; அங்கே ஆற்றல் செலவைப் பற்றி யாரும் கவலைப்பட முடியாது. தரையில் நிலைமை வேறு.

ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில்தான் திரவமாகும். ஒரு கிலோவைத் திரவமாக்க 10 முதல் 13 யூனிட் வரை ஆகிறது. அதிலுள்ள ஆற்றலில் இது மூன்றில் ஒரு பங்கு. இந்தச் செலவு இவ்வளவு ஏறுவதற்கு ஒரு நுணுக்கமான காரணமும் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஆர்த்தோ, பாரா என்று இரண்டு வகை. சாதாரண வெப்பநிலையில் நான்கில் மூன்று பங்கு ஆர்த்தோ. கடுங்குளிரில் ஏறக்குறைய எல்லாமே பாராவாக மாற முயலும். அந்த மாற்றத்தின்போது வெளிப்படும் வெப்பம் திரவ ஹைட்ரஜனை ஆவியாக்கப் போதுமானதைவிட அதிகம். ஆகவே திரவமாக்கும்போதே வினையூக்கி வைத்து மாற்றி முடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தொட்டிக்குள் வைத்த திரவம் தானே சூடாகி ஆவியாகிவிடும்.

மின்தொகுப்பின் மின்சாரத்தில் திரவமாக்கினால் கிலோவுக்கு ஏறத்தாழ 8 கிலோ கரியமில வாயு வெளிப்படும். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைத் தயாரிக்கும்போதே 9 அல்லது 10 கிலோதான் வெளிப்படுகிறது. சூரிய ஒளியில் பாடுபட்டுத் தயாரித்ததை நிலக்கரி மின்சாரத்தில் குளிர்வித்தால், பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு படியில் கரைந்துவிடுகிறது.

அதன் பிறகும் அது சும்மா இருக்காது. எவ்வளவு நல்ல வெற்றிடச் சுவர் இருந்தாலும் வெப்பம் உள்ளே நுழையும். சிறிய தொட்டியில் ஒரு நாளைக்கு நூற்றில் ஒரு பங்கு வரை ஆவியாகிப் போகலாம். தொட்டி பெரிதாகப் பெரிதாக, கொள்ளளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு குறைவதால் இந்த இழப்பும் குறையும். அதனால்தான் அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் ஆயிரக்கணக்கான கனமீட்டர் கொள்ளளவுள்ள கோளத் தொட்டிகள் இருக்கின்றன. 2022 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜப்பானின் கோபே நகருக்குத் திரவ ஹைட்ரஜனைக் கொண்டு சென்ற சூயிசோ ஃபிரண்டியர் கப்பலின் தொட்டி 1,250 கனமீட்டர். கடல் கடந்து பேரளவில் அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், வெயிலூர் என்றே கேலியாக அழைக்கப்படும் ஊரில், சிறிய தொட்டியில் திரவ ஹைட்ரஜனை வைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

கேள்வி: ஹைட்ரஜன் கசிந்தால் காற்றோடு போய்விடும், அது கரியமில வாயுவைப் போலப் புவியைச் சூடாக்காதே?

நேரடியாகச் சூடாக்காது. மறைமுகமாகச் சூடாக்கும். காற்றில் ஹைட்ராக்சில் என்ற துகள்கள் இருக்கின்றன. மீத்தேனைச் சிதைத்து அகற்றுவது அவற்றின் வேலை. கசிந்த ஹைட்ரஜன் அந்தத் துகள்களைப் பயன்படுத்திக்கொள்வதால் மீத்தேன் காற்றில் கூடுதல் காலம் தங்குகிறது. 2023 இல் வெளியான ஆய்வு ஒன்று, 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 11.6 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்கும் என்று மதிப்பிட்டது. சிறிய திரவத் தொட்டியிலிருந்து பத்து நாளில் பத்தில் ஒரு பங்கு ஆவியாகிக் காற்றில் விடப்பட்டால், வைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கு இணையான தீங்கு அதிலிருந்து மட்டும் வந்துவிடும். பசுமை வரம்பில் பாதிக்கு மேல் அதிலேயே போயிற்று. கசிவைப் பாதுகாப்பு அதிகாரியின் கவலையாக மட்டும் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும்.

கேள்வி: உலோகத்துக்குள் ஹைட்ரஜனை வைக்க முடியும் என்பது எப்படி?

என் மனத்துக்கு மிக நெருக்கமான முறை இது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பல்லேடியம் என்ற உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதை தாமஸ் கிரஹாம் 1866 இல் கண்டார். சில உலோகக் கலவைகளில் அணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளில் ஹைட்ரஜன் அணுக்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஹைட்ரஜனை ஏற்ற உலோகத்தை ஹைட்ரைடு என்பார்கள். உட்காரும்போது வெப்பம் வெளிவரும். மறுபடி சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியே வரும். லாந்தனம்-நிக்கல் கலவை தன் எடையில் சுமார் 1.4 விழுக்காடும், டைட்டானியம்-இரும்புக் கலவை 1.8 விழுக்காடு அளவும் ஏற்கும். கேட்பதற்கு மிகக் குறைவு. லாந்தனம்-நிக்கல் என்றால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 70 கிலோ கலவை வேண்டும். ஆனால் மின்னாற்பகுப்புக் கருவியிலிருந்து வரும் அழுத்தமே இதற்குப் போதும் என்பதால் கம்ப்ரசர் தேவையில்லை. சாதாரண வெப்பநிலையில் மாதக்கணக்கில் வைத்தாலும் ஆவியாகிப் போகும் இழப்பு இல்லை. குழாய் உடைந்தாலும் முழு ஹைட்ரஜனும் ஒரே நொடியில் வெளியேறாது, ஏனென்றால் வெளியேற வெளியேறக் கலவை குளிர்ந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் ஹைட்ரஜனை இப்படித்தான் வைத்திருக்கின்றன. நம் நாட்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவஸ்தவா ஹைட்ரைடுத் தொட்டி பொருத்திய வண்டிகளையே ஓட்டிக் காட்டினார்.

வெப்பக் கணக்கு இங்கே முக்கியம். லாந்தனம்-நிக்கல் கலவையில் ஒரு கிலோ ஹைட்ரஜனை நிரப்பும்போது ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் வெளிவரும். எடுக்கும்போது அதே அளவு கொடுக்க வேண்டும். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலம் ஓடும்போது வீணாகும் வெந்நீரின் வெப்பமே அதற்குப் போதுமானது. நிரப்பும்போதுதான் நம் ஊர் வெயில் இடையூறு செய்யும்: கலவை சூடாக இருந்தால் ஹைட்ரஜனை ஏற்க மறுக்கும், கூடுதல் அழுத்தம் கேட்கும். மே மாத நண்பகலில், சூரியத் தகடுகள் முழு வீச்சில் ஹைட்ரஜன் தரும் அதே நேரத்தில், தொட்டியைக் குளிர்விக்க வேண்டியிருக்கும். குளிர்நீர்ச் சுற்றை நம் கோடைக்கு ஏற்ப வடிவமைக்காமல், குளிர்நாட்டில் செய்த தொட்டியை அப்படியே இறக்கி வைத்தால் நிரம்பாது.

மக்னீசியம் ஹைட்ரைடு எடையில் 7.6 விழுக்காடு ஏற்கும் என்பதால் மாணவர்கள் அதைப் பற்றி ஆர்வமாகக் கேட்கிறார்கள். அதிலிருந்து ஹைட்ரஜனை எடுக்க 300 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். கிலோவுக்கு 10 யூனிட் வெப்பம் போகும். திரவமாக்கும் செலவுக்கு அது சமம். அருகிலேயே உயர்வெப்பம் வீணாகும் உலை இருந்தால் மட்டும் பொருள் உண்டு. சேலத்தின் மேக்னசைட் குன்றுகள் பக்கத்தில் இருக்கின்றனவே என்றால், தாதுவை உலோகமாக்க உலகில் அதிகம் பயன்படும் முறை நிலக்கரியை எரித்தே நடக்கிறது. ஒரு கிலோ மக்னீசியத்துக்கு 20 கிலோ அளவில் கரியமில வாயு வெளிப்படுகிறது.

லாந்தனம் அருமண் உலோகம், அதாவது தாதுவிலிருந்து பிரித்தெடுக்கக் கடினமான உலோக வகைகளில் ஒன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து அருமண் தாது எடுக்கும்போது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவும் உடன் வருகிறது. திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் உள்ள கார்பனடைட் பாறையிலும் அருமண் தாதுக்கள் இருப்பது நிலவியலாளர்களுக்குத் தெரிந்ததே. அதைத் தோண்டும் பேச்சு எழுந்தால் இதே கேள்வி நம் வாசலுக்கே வரும். எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் டைட்டானியம்-இரும்புக் கலவையைச் சொல்வேன். முதன்முறை ஹைட்ரஜனை ஏற்கச் செய்வது சிரமம், வாயுவில் ஈரமும் ஆக்சிஜனும் இருந்தால் கெட்டுப்போகும் என்ற குறைகள் இருந்தாலும், எளிதில் கிடைக்கும் இரும்பும் டைட்டானியமும் போதும் என்பது பெரிய நிறை.

கேள்வி: அம்மோனியாவாக மாற்றி வைப்பது எளிது என்கிறார்களே?

வைப்பது எளிதுதான். சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியில், அல்லது சாதாரண வெப்பநிலையில் 10 பார் அளவு அழுத்தத்தில் அம்மோனியா திரவமாகிவிடும். ஒரு கனமீட்டர் திரவ அம்மோனியாவுக்குள் 100 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் அடங்கியிருக்கிறது. ஒரு கனமீட்டர் திரவ ஹைட்ரஜனிலேயே 71 கிலோதான் இருக்கிறது. ஐஸ் ஃபேக்டரி நடத்தியவர்களுக்கு அம்மோனியா பழக்கமான பொருள். கப்பல், குழாய், தொட்டி எல்லாம் ஏற்கெனவே உலகெங்கும் இருக்கின்றன.

சிக்கல், மறுபடி ஹைட்ரஜனாக்குவதில் இருக்கிறது. அம்மோனியாவைப் பிளக்க 500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஏட்டுக் கணக்கிலேயே ஹைட்ரஜனின் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நடைமுறையில் இன்னும் கூடுதல். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அதை அம்மோனியாவாக்கி, மறுபடி ஹைட்ரஜனாக்கி, மறுபடி மின்சாரமாக்கினால் கால் பங்கு மிஞ்சுவதே கடினம். அம்மோனியாவை அப்படியே எரித்தால் நைட்ரஸ் ஆக்சைடு வெளிவரும் ஆபத்து உண்டு. அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். நச்சுத்தன்மையும் மறக்கக் கூடாதது. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூரில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடியது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல.

அம்மோனியாவை அம்மோனியாவாகவே, அதாவது உரமாகவே பயன்படுத்துவதானால் என் பதில் வேறு. அப்போது பிளக்கும் செலவே இல்லை. தூத்துக்குடியில் பசுமை அம்மோனியா தயாரானால், ஆர்க்காட்டு நெல் வயலுக்கு அது உரமாக வந்து சேர்வதே அந்த ஹைட்ரஜனின் சிக்கனமான வழி.

கேள்வி: எண்ணெய் போன்ற திரவத்தில் ஏற்றி இறக்கும் முறையும் உண்டாமே?

உண்டு. டொலுவின் போன்ற கரிமத் திரவத்தில் ஹைட்ரஜனை ஏற்றினால் அது சாதாரண வெப்பநிலையில் டீசலைப் போலத் தொட்டியில் இருக்கும். எடையில் 6 விழுக்காடு அளவு சுமக்கும். 2020 இல் புருணையிலிருந்து ஜப்பானுக்கு இப்படி ஹைட்ரஜனை அனுப்பிக் காட்டினார்கள். இறக்குவதற்குக் கிலோவுக்கு 9 யூனிட் வெப்பம், 300 டிகிரி அளவில் வேண்டும். திரவம் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிதையும். சிதைந்த எண்ணெய் எங்கே கொட்டப்படும் என்ற கேள்விக்கு விடை எழுத்தில் கிடைக்காதவரை, பாலாற்றங்கரையில் இதற்கு இடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: தேங்காய்ச் சிரட்டைக் கரியில் ஹைட்ரஜனை வைக்கலாமா? குடியாத்தத்தில் சிரட்டைக்குக் குறைவில்லை.

நல்ல கேள்வி, நம் மண்ணின் கேள்வி. பதப்படுத்திய கரியின் நுண்துளைகளில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்வது உண்மை. ஆனால் மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனின் குளிரில்தான் அது குறிப்பிடத்தக்க அளவு ஒட்டும். நம் அறை வெப்பநிலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஒட்டாது. ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது, பட்டறைக்கு இன்னும் வரவில்லை.

கேள்வி: வேலூரைச் சுற்றிப் பாறை மலைகளாக இருக்கின்றன. அவற்றைக் குடைந்து சேமிக்க முடியாதா?

பேரளவில், மாதக்கணக்கில் சேமிக்க உலகில் மிகச் சிறந்து நிற்பது நிலத்தடிச் சேமிப்புதான், ஆனால் அது உப்புப் பாறையில். இங்கிலாந்தின் டீசைடில் 1972 முதலும், அமெரிக்காவின் டெக்சாசில் 1980களிலிருந்தும் உப்புக் குகைகளில் ஹைட்ரஜனை வைத்திருக்கிறார்கள். உப்பு தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். கசிவு மிகக் குறைவு. கலன் செய்ய எஃகே தேவையில்லை. நம் பகுதியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். அவை உறுதியானவை, ஆனால் விரிசல்கள் வழியே வாயு கசியும். எனவே குடைந்த குகைக்குள் எஃகுத் தகட்டால் உறை போட வேண்டும். சுவீடனின் லூலியோவில் 2022 இல் 100 கனமீட்டர் அளவில் இப்படி ஒரு சோதனைக் குகை திறக்கப்பட்டது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து கச்சா எண்ணெயை வைக்கும் அனுபவம் நம் நாட்டுக்கும் உண்டு.

ஆனால் குகை என்பது பேரளவு உற்பத்திக்கு உரிய ஏற்பாடு. அதைத் தேட வேண்டிய இடம் தூத்துக்குடி போன்ற உற்பத்தி மையங்களின் அருகே. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க்கொண்டிருக்கும் நம் பகுதியில், பாறையை வெடி வைத்துக் குடைந்து நிலத்தடி நீரோட்டத்தைக் கலைப்பதற்கு ஏற்ற தேவை இன்று இல்லை.

கேள்வி: அப்படியானால் நம் பகுதியில் ஒரு சிறு ஆலையோ மருத்துவமனையோ என்ன செய்வது?

பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தை அன்றிரவே பயன்படுத்துவதுதான் நோக்கம் என்றால் ஹைட்ரஜனே வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவிட்டு, எரிபொருள் கலத்தில் 17 யூனிட் அளவு திரும்பப் பெறுவீர்கள். மின்கலத்தில் போட்டால் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு திரும்பி வரும். ஹைட்ரஜனை நேசிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. தவறான இடத்தில் வைக்கப்பட்ட ஹைட்ரஜன் திட்டம் தோற்றால் சரியான இடத்துத் திட்டங்களும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்கும்.

ஹைட்ரஜனையே மூலப்பொருளாகக் கேட்கும் ஆலை என்றால், அன்றன்று தயாரித்து அன்றன்று பயன்படுத்துவதும், ஓரிரு நாள் தேவைக்கு மட்டும் குறைந்த அழுத்த எஃகுத் தொட்டியில் வைப்பதும் நல்லது. இடம் அதிகம் பிடிக்கும்; ராணிப்பேட்டையில் ஆலைக்குள் இடம் இருக்கிறது. மருத்துவமனையின் அவசர மின்சாரம் போல, எப்போதாவது மட்டும் தேவைப்பட்டு, தேவைப்படும் நாளில் கட்டாயம் இருக்க வேண்டியதற்கு உலோக ஹைட்ரைடு பொருத்தம். மாதங்கள் கழித்துத் திறந்தாலும் வைத்தது அப்படியே இருக்கும். ஆண்டுக்குச் சில முறைதான் பயன்படும் என்பதால் கலவையின் சுமை கிலோவுக்குக் கூடுதலாக விழும் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கலவையை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியும் என்பதால் அந்தக் கடனில் பெரும்பகுதி திரும்பி வரும்.

கேள்வி: சேமிப்புக்குத் தண்ணீரும் தேவைப்படுமா?

ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க வேதிக் கணக்கில் 9 லிட்டர் நீர் போதும். கம்ப்ரசரையும் ஹைட்ரைடுத் தொட்டியையும் குளிர்விப்பதில் கவனம் தேவை. குளிர்கோபுரம் வைத்தால் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குடிநீரே மேட்டூரிலிருந்து காவிரிக் குழாயில் வரும் ஊரில், மின்விசிறி கொண்டு காற்றில் குளிர்விக்கும் மூடிய நீர்ச்சுற்றுதான் சரி, மின்சாரம் சற்றுக் கூடினாலும்.

கேள்வி: தொட்டியின் ஆயுள் முடிந்தபின் என்ன ஆகும்?

எஃகு உருக்காலைக்குப் போகும். ஹைட்ரைடுக் கலவையை மறுபடி உருக்கலாம். கார்பன் இழைத் தொட்டிக்குத்தான் நல்ல விடை இல்லை: இழையும் பிசினும் இறுகிப் பிணைந்திருப்பதால், காற்றில்லாமல் சூடாக்கிப் பிரித்தாலும் துண்டு துண்டான இழைதான் கிடைக்கும், அதைக் கொண்டு மறுபடி உயரழுத்தத் தொட்டி செய்ய முடியாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மேட்டை நாம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனவே தொட்டி வாங்கும் ஒப்பந்தத்திலேயே, ஆயுள் முடிந்தபின் திரும்ப எடுத்துச் செல்வது யார், செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பழைய சிலிண்டர்களை வாங்கி ஹைட்ரஜன் நிரப்பினால் அதுவும் மறுபயன்பாடுதானே?

எண்ணம் நல்லது, எல்லாச் சிலிண்டருக்கும் பொருந்தாது. ஹைட்ரஜன் அணு எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். வலிமை மிகுந்த எஃகு வகைகளில் இந்தக் கேடு அதிகம். சமையல் எரிவாயு, சி.என்.ஜி., ஆக்சிஜன் ஆகியவற்றுக்காகச் செய்த சிலிண்டரில் ஹைட்ரஜனை நிரப்பவே கூடாது. ஹைட்ரஜனுக்கென்றே செய்யப்பட்டு, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்ற சிலிண்டர் என்றால், அதன் கழுத்தருகே பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த தேதியையும் பாருங்கள். தேதி கடந்திருந்தால் ஒப்புதல் பெற்ற சோதனை நிலையத்துக்கு அனுப்பிய பிறகே நிரப்ப வேண்டும். பொறிப்பு தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தால் வாங்க வேண்டாம்.